எழுத்து தெரியாத டிவி: எச்டி கேம்கள் பழைய பெட்டியில் பட்ட பாடு

2006 ஆகஸ்டில், டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோலான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக கேப்காம் நிறுவனம் ‘டெட் ரைசிங்’ என்ற கேமை வெளியிட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் வில்லாமெட் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே ஒரு பெரிய ஷாப்பிங் மால், உள்ளே கூட்டம் கூட்டமாக ஜாம்பிகள். ஃபிராங்க் வெஸ்ட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார். திரும்ப அழைத்துப்போக 72 மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். அதற்குள் நடப்பதுதான் கதை. எந்த வேலைக்கும் கெடு உண்டு. கெடுவைத் தவறவிட்டால் கதையின் முக்கிய இழையே அறுந்துபோகும்.

மாலின் பாதுகாப்பு அறையில் ஓட்டிஸ் என்று ஒரு வயதான ஊழியர் இருப்பார். கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு, இன்ன கடையில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், இன்ன இடத்தில் ஏதோ சத்தம் என்று ஃபிராங்க்கை ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. ஆனால் அவர் குரல் நமக்குக் கேட்காது. சொல்வதெல்லாம் திரையில் பொடி எழுத்தாக ஓடும். ரேடியோவைக் காதில் வைத்திருக்கும்போது ஃபிராங்க்கால் ஆயுதத்தை ஓங்க முடியாது. நடுவில் ஜாம்பி ஒன்று கடித்துவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். ஓட்டிஸ் மறுபடி கூப்பிட்டு, பாதியில் வைத்துவிட்டதற்குக் கோபித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நுண்ணிய புள்ளிகளால் கூர்மையாகப் படம் காட்டும் எச்டி டிவியில் ஆடியவர்களுக்கே அவர் ஒரு தொல்லை. பழைய பிக்சர் டியூப் டிவியில் ஆடியவர்கள் நிலைமை இன்னும் மோசம். கடி வாங்காமல் கடைசிவரை நின்றாலும், அவர் என்ன சொன்னார் என்று படிக்க முடியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கசங்கல்தான் தெரியும். டிவி கெட்டுவிட்டதோ, கேபிள் சரியில்லையோ என்று பிடுங்கிச் செருகிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். டிவியும் கெடவில்லை, கேபிளும் பழுதாகவில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் எந்த டிவி இருந்ததோ, அதைக் கணக்கில் வைக்காமலே கேமின் எழுத்தை வரைந்திருந்தார்கள். அந்த ஒரு கேமோடு நின்ற கதையும் அல்ல இது. 2005-லிருந்து நாலைந்து வருடம் கேம் உலகம் முழுக்க இருந்த வியாதி.

என்ன நடந்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களுக்கு 720பி என்பது அடிப்படை அளவு. அதாவது 1280 புள்ளி அகலம், 720 புள்ளி உயரம், மொத்தம் 9,21,600 புள்ளிகள். அமெரிக்கா, ஜப்பானில் இருந்த என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையின் பழைய டிவியில் சிக்னலின் மொத்தக் கோடுகள் 525. அவற்றில் படத்தைத் தாங்கி வருபவை சுமார் 480. அந்தப் பெட்டிக்கு கேம் கொடுக்கும் படம் 640-க்கு 480, அதாவது 3,07,200 புள்ளிகள். மூன்று பங்கில் ஒரு பங்கு. 720-ல் 12 புள்ளி உயரமாக இருந்த எழுத்து இங்கே 8 ஆகிவிடும். ஒரு புள்ளி தடிமனில் இழுத்த கோடு முக்கால் புள்ளிகூட மிஞ்சாது. முக்கால் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் பக்கத்துக் கோட்டோடு கலந்து சாம்பலாகிவிடும்.

இது நல்ல நிலைமை. பழைய பெட்டி 4:3 வடிவம். எச்டி கேம்கள் 16:9 வடிவம். சில கேம்கள் பழைய டிவிக்கு ஏற்றபடி காட்சியை மாற்றி வரைந்துகொண்டன. மற்றவை, டிவியில் சினிமா போடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருமே, அப்படிப் படத்தைச் சுருக்கிவிட்டன. பட்டை போனால் படத்துக்கு மிச்சம் 360 கோடுதான். 720-க்குச் சரிபாதி. 12 புள்ளி எழுத்து இப்போது 6 புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்தையே தெளிவாக எழுத 7 புள்ளி உயரமாவது வேண்டும் என்பது அந்தக் கால கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தெரிந்த பாலபாடம்.

அங்குலத்தில் சொன்னால் இன்னும் புரியும். 40 அங்குல எச்டி டிவியில் அந்த 12 புள்ளி எழுத்து 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். 14 அங்குலப் பெட்டியில், கறுப்புப் பட்டையோடு, 3 மில்லிமீட்டர்கூட வராது. தினசரியை எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டு, ஹாலின் இந்தக் கோடியில் உட்கார்ந்து செய்தி படிப்பதைப் போன்ற வேலை.

இவ்வளவும் படம் கன்சோலைவிட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே நடப்பது. அப்புறம் வயர் இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை கொண்ட ஏவி கேபிளை எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. படம் முழுக்க அந்த ஒற்றை மஞ்சள் முனை வழியாகத்தான் போகும். வெளிச்சத் தகவலும் வண்ணத் தகவலும் ஒரே கம்பியில் ஒன்றாகக் கலந்து போகும். டிவிதான் அதை மறுபடி பிரித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காக 1950-களில் செய்த ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு அபாரமான யோசனை. ஆனால் பிரிக்கும் வேலை ஒருபோதும் சுத்தமாக நடக்காது. மெல்லிய செங்குத்துக் கோடுகள் வரும் இடத்தில், இது வெளிச்சமா வண்ணமா என்று டிவி குழம்பிவிடும். எழுத்து என்பதே மெல்லிய கோடுகளின் கூட்டம்தானே? அதனால் எழுத்தின் ஓரத்தில் வானவில் நிறம் படியும். வண்ணங்கள் சேரும் விளிம்பில் பொடிப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊரும். வண்ணத்துக்கு ஒதுக்கிய இடம் வெளிச்சத்துக்கு ஒதுக்கியதைவிட மிகக் குறைவு என்பதால், கறுப்பில் சிவப்பு எழுத்து எழுதினால் அது இரண்டு பக்கமும் வழிந்துவிடும். ஜாம்பி கேம்காரர்களுக்குச் சிவப்பு எழுத்தின் மேல் இருக்கும் ஆசையைச் சொல்லவே வேண்டாம்.

இதோடும் முடியவில்லை. பழைய டிவி முழுப்படத்தையும் ஒரே வீச்சில் வரையாது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த வீச்சில் இரட்டைப்படைக் கோடுகள். எனவே ஒரே கோடு தடிமனில் ஏதாவது இருந்தால் அது ஒன்றுவிட்ட வீச்சில்தான் திரையில் வரும். ஆங்கில ‘ஈ’ எழுத்தின் நடுக்கோடு, கழித்தல் குறி எல்லாம் வினாடிக்கு 30 முறை துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பை அடக்க, படத்தை மேலும் கீழும் லேசாக மழுப்பும் ஒரு வடிகட்டியைப் போடுவார்கள். துடிப்பு நிற்கும், மிச்சமிருந்த கூர்மையும் போகும். போதாததற்கு பிக்சர் டியூப் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும். எவ்வளவு என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். திரை ஓரத்தில் ஒட்டி வைத்த உயிர்க்கணக்கு, தோட்டா எண்ணிக்கை, வரைபடத்தின் மூலை எல்லாம் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்.

சரி, பழைய டிவிக்கு கேம் செய்வது என்ன முடியாத காரியமா? இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அதற்கு முந்தைய முப்பது வருடமும் கேம் உலகம் செய்துகொண்டிருந்ததே அதுதான். நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலில் 8-க்கு 8 புள்ளிக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் வரைந்தார்கள். மொத்தப் படமே 256-க்கு 240 புள்ளிதான். அதனால் ஒவ்வொரு எழுத்தும் திரையில் தடித்தடியாக, பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும்படி வந்தது. அந்தக் கன்சோல்கள் ஒற்றை, இரட்டை என்று மாறாமல் ஒரே வரிசைக் கோடுகளையே திரும்பத் திரும்ப வரைந்ததால் துடிப்பும் இல்லை. முக்கியமான எதையும் திரை ஓரத்தில் வைக்காதே, நடு 80 முதல் 90 சதவீதத்துக்குள் வை என்பது தொலைக்காட்சிக்காரர்களிடமிருந்து இவர்கள் கற்றுக்கொண்ட விதி.

டிவியின் குறையையே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1991-ல் வந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ கேமில் ஓர் அருவி வரும். இன்றைய திரையில் பார்த்தால் அது ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி போட்ட செங்குத்துக் கோடுகள், சாக்குத்துணி மாதிரி இருக்கும். மஞ்சள் வயரில் பழைய டிவிக்குப் போனால் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து, பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடித் தண்ணீராகிவிடும். அந்தக் கன்சோலுக்கு உண்மையான ஒளி ஊடுருவும் வண்ணத்தை வரையும் சக்தி குறைவு. மிச்ச வேலையை வயரும் டிவியும் பார்த்துக்கொண்டன. செய்தவர்களுக்குத் தங்கள் படம் எந்தப் பெட்டியில் போய் விழும் என்று தெரிந்திருந்தது.

அந்த வித்தை ஓரிரண்டு வருடத்தில் எங்கே போனது? எச்டியை விற்க வேண்டும் என்ற அவசரத்தில் போனது என்பேன். 2005 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் மைக்ரோசாஃப்டின் ஜே அல்லார்ட் மேடையேறி, இனி வருவது எச்டி யுகம் என்று அறிவித்தார். வந்திருந்த கேம் செய்கிறவர்களில் ஆயிரம் பேருக்கு எச்டி டிவியைப் பரிசாகவும் கொடுத்தார்கள். டிவி கிடைத்தது கேம் செய்கிறவர்களுக்கு, ஆடுகிறவர்களுக்கு இல்லை. செய்கிறவரின் மேசையில் எச்டி திரை இரண்டடி தூரத்தில். ஆடுகிறவரின் ஹாலில் பழைய பெட்டி பத்தடி தூரத்தில். அந்த வருடம் நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, 299 டாலர் சொச்சத்துக்கு விற்ற மலிவு மாடலுக்குள் இருந்தது அதே மஞ்சள் ஏவி கேபிள். அடுத்த வருடம் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல் இன்னும் தமாஷ். 1080 கோடு கொண்ட 1080பி படம், ப்ளூரே வட்டு என்று விளம்பரம் செய்து, விலை உயர்ந்த மாடலை 599 டாலருக்கு விற்றார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே எச்டி படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் கிடையாது. மஞ்சள் கேபிள் இருந்தது. எதில் ஆடுவார்கள் என்பது பெட்டியில் கேபிள் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எழுத்து வரைந்தவர்கள்தான் அதைச் சட்டை செய்யவில்லை.

‘டெட் ரைசிங்’ பற்றிப் புகார்கள் குவிந்தும் அதன் எழுத்தைப் பெரிதாக்கும் திருத்தம் எதுவும் வரவில்லை. எழுத்தைப் பெரிதாக்குவது வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். உண்மையில் அது சங்கிலி. எழுத்து பெரிதானால் அது இருக்கும் கட்டம் போதாது. கட்டம் பெரிதானால் பின்னால் வரும் எதிரியை மறைக்கும். வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் அடுத்த பகுதி எப்போது வர வேண்டும் என்ற நேரக் கணக்கு மாறும். இத்தனையையும் ஜெர்மன், பிரெஞ்சு என்று ஒவ்வொரு மொழியிலும் திரும்பச் செய்து சோதிக்க வேண்டும். அதனால்தான் 2008 இறுதியில் ரேர் நிறுவனத்தின் ‘பாஞ்சோ கசூயி: நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்’ இதே வம்பில் மாட்டியபோது அவர்களும் முதலில் கை விரித்தார்கள். ஆனால் கூச்சல் அடங்காததால் கொஞ்ச நாளிலேயே மனம் மாறி, எழுத்தைப் படிக்கும்படியாக்கும் திருத்தத்தை வெளியிட்டார்கள். வண்டி, விமானம் என்று நாமே பாகம் பாகமாகக் கோத்து ஓட்ட வேண்டிய கேம் அது. பாகத்தின் விவரத்தைப் படிக்க முடியாவிட்டால் அதில் ஆடுவதற்கே ஒன்றுமில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்தது என்டிஎஸ்சிக்குப் பதிலாக பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. மொத்தம் 625 கோடு, படத்துக்கு 576. அதனால் 12 புள்ளி எழுத்து 8-க்குப் பதில் ஒன்பதரைக்கு வந்து நிற்கும். பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் படிக்க முடியும், முடியாது என்பதற்கு நடுவே அந்த ஒன்றரைப் புள்ளிக்கு மதிப்பு உண்டு. இதிலும் ஒரு சிக்கல். பால் முறை வினாடிக்கு 50 வீச்சு, என்டிஎஸ்சி 60. ஜப்பானில் 60-க்குச் செய்த பழைய கேம்களை 50-க்கு அப்படியே தள்ளிவிட்டபோது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டுகூட இழுத்துக்கொண்டு ஓடியது. அதனால் பிற்காலத்தில் பால் டிவிகளிலேயே 60 வீச்சு ஓட ஒரு வழி செய்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் கேம் துள்ளும், ஆனால் கோடுகள் மறுபடி 480 ஆகிவிடும். வேகம் வேண்டுமா, எழுத்து வேண்டுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கன்சோல் வாங்கிவந்து இங்கே பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் சொருகினால் வேறு கூத்து. என்டிஎஸ்சி வண்ணத் தகவல் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும், பால் டிவி அதை 4.43-ல் தேடிக்கொண்டிருக்கும். கிடைக்காததால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், சில பெட்டிகளில் மேலும் கீழும் உருளவும் செய்யும். கன்சோல் பழுது என்று நினைத்துப் பரணில் போட்ட குடும்பங்கள் உண்டு.

நம் ஊர் நிலவரத்துக்கு ஒரு தேதிப் பொருத்தம் சொல்லலாம். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2006 செப்டம்பர். தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்ததும் அதே மாதம், 14 அங்குலப் பெட்டி. அந்தப் பெட்டியில் யாரும் 360-ஐ மாட்டியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரே மாதத்தில் ஒரு மாநிலம் பிக்சர் டியூபுக்குள் நுழைந்துகொண்டிருக்க, கேம் உலகம் அதை முடிந்துபோன சமாச்சாரமாக நினைத்துக்கொண்டிருந்தது.

எழுத்து மங்குவதாவது பரவாயில்லை. திரையே இருண்டுபோகும் வகை ஒன்று உண்டு. நண்பர் வீட்டு எச்டி டிவியில் கன்சோலை 1080-க்கு அமைத்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துவந்து பழைய டிவியில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. அமைப்பை மாற்றலாம் என்றால் அமைப்புத் திரையும் தெரியாது. இதற்குப் பிளேஸ்டேஷன் 3-ல் ஒரு வழி வைத்திருந்தார்கள். கன்சோலை அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் படம் அடிப்படை நிலைக்குத் திரும்பிவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஆன் செய்யும்போது ஒய் பட்டனையும் வலது டிரிக்கரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு அரை நிமிட வேலை. தெரியாதவர்கள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதல் தலைமுறை எச்டி டிவி வாங்கியவர்களும் தப்பவில்லை. அந்தப் பெட்டிகளில் பல, ஒற்றை, இரட்டை என்று கோடுகளை மாற்றி வரையும் 1080ஐ என்ற எச்டி வகையை ஏற்கும், 720பி-யை ஏற்காது. எக்ஸ்பாக்ஸ் 360 எந்த அளவையும் எந்த அளவுக்கும் மாற்றித் தர ஒரு தனிச் சில்லு வைத்திருந்ததால் தப்பித்தது. ஆரம்பகாலப் பிளேஸ்டேஷன் 3-ஆல் அது முடியவில்லை. 720பி-யில் செய்த கேமை அந்த டிவியில் போட்டால், மேலே ஏற முடியாமல் 480-க்கு இறங்கிவிடும். அதிகக் காசு கொடுத்து எச்டி டிவி வாங்கியவர் பழைய டிவித் தரத்தில் ஆடினார்.

2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் மஞ்சள் வயருக்கு இடமே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். அதோடு கணக்கு தீர்ந்தது. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் குட்டிப் பெட்டிகள் கடையில் மலிவாகவே கிடைக்கின்றன. மாட்டினால் படம் வரும். சில சமயம் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டினால் வராமலும் போகும். பிளேஸ்டேஷன் 4-ல் அந்தப் பூட்டை அமைப்புக்குள் போய் அணைக்கலாம். படம் வந்தாலும் எழுத்து? 1080 கோட்டுக்கு வரைந்ததை அந்தப் பெட்டி 480-க்கு நசுக்கித்தான் தருகிறது. மேலே போட்ட கணக்கைவிட மோசம்.

பழைய டிவியைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. பட்டன் அழுத்தியதற்கும் திரையில் அசைவுக்கும் நடுவே புதிய டிவிகள் படத்தைப் பதப்படுத்த எடுத்துக்கொள்ளும் தாமதம் பிக்சர் டியூபில் கிட்டத்தட்ட இல்லை. 2001-ல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ போட்டிகளை நடத்துகிறவர்கள் இதற்காகவே கனமான பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்துச் சுமந்துகொண்டு வருகிறார்கள். துப்பாக்கியால் வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ பிக்சர் டியூபில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை இழுத்த கணத்தில் திரை எங்கே மின்னுகிறது என்பதைத் துப்பாக்கி நேரக் கணக்கோடு பார்க்கிறது, எல்சிடிக்கு அந்த நேரம் ஒத்துவராது.

எழுத்துத் தொல்லை மட்டும் பெட்டி மாறினாலும் விடவில்லை. 2015-ல் ‘விட்சர் 3’ வந்தபோது முழு எச்டி டிவி வைத்திருந்தவர்களே பொடி எழுத்து என்று புலம்பி, திருத்தம் வாங்கினார்கள். இப்போது அந்தப் பழைய பெட்டியின் இடத்தில் கைக்கு அடக்கமான கருவிகள் இருக்கின்றன. மேசையில் பெரிய திரைக்குச் செய்த கேமை 7 அங்குலத்தில் ஆடுகிறார்கள். இந்த முறை யாரோ அளவுகோல் எடுத்திருக்கிறார்கள். ஸ்டீம் டெக் கருவியில் நன்றாக ஓடும் என்ற முத்திரை வேண்டுமானால், 1280-க்கு 800 திரையில் எந்த எழுத்தும் 9 புள்ளி உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று வால்வ் நிறுவனம் விதி வைத்திருக்கிறது, அந்தக் கருவியைச் செய்வதும் அவர்கள்தான். மைக்ரோசாஃப்டின் இப்போதைய வழிகாட்டி, டிவியில் ஆடும் கேமுக்கு 1080-ல் குறைந்தது 26 புள்ளி என்கிறது. 720-க்கு மாற்றினால் அது 17-க்குச் சற்று மேல். பழைய என்டிஎஸ்சி டிவியின் 480 கோட்டுக்கு இறக்கினால்கூட பதினொன்றரை வரும், தாராளமாகப் படிக்கலாம்.